தாமதமான படங்களும் ஒரு பென்சில் ரப்பரும்



2008-09 எட்டாம் வகுப்புக்காரர்கள் எல்லோரும் ஒன்றுகூடப் போவதாகச் சொல்லி, அந்த வருட ஆண்டு விழாப் படங்களை என்னிடம் கேட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. "நாளைக்கே அனுப்புகிறேன்" என்று சொன்ன நான் அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை. "சாருக்கு வயசாயிடுச்சு, தொந்தரவு பண்ணாதீங்கடா" என்று ஒருவன் குழுவில் எழுதியதையும் பார்த்தேன். பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

படங்கள் ஏன் தாமதம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது இன்னொன்றும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் இருப்பது எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில். 2009 ஜூனில் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, சேமநல நிதியில் முன்பணம் எடுத்து ஈரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கியது. பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்றைக்கு 23,500 ரூபாய். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் துணைவியார் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து வைத்து, சிபியுவின் முன்பக்கத்தில் ஒரு மஞ்சள் வட்டம் நிரந்தரமாகவே படிந்துவிட்டது. மாப்பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அதில் அம்மணி சீரியல் பார்க்கிறார். எனக்கு இந்தப் பழசுதான் கைக்கு வாகு. நான் போட்ட கேள்வித்தாள்கள், வகுப்பில் உங்களை எழுதச் சொன்ன கதைகளை வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் உட்கார்ந்து தட்டச்சு செய்தது எல்லாம் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டெறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். அந்த எழுத்துருவை அங்கேயும் போட்டால் சரியாகிவிடும் என்று பேத்தி சொல்கிறாள். போடலாம்தான். மனசு வரவில்லை.

விழாப் படங்களை ஸ்டுடியோக்காரர் ஒரு சிடியில்தான் கொடுத்தார். கம்ப்யூட்டரில் ஏற்றியதோடு சிடியைப் பீரோவில் வைத்துவிட்டேன். இப்போது எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கிற ஜன்னல் கம்பி தெரிகிறது. மேல்பூச்சு உரிந்துவிட்டது. ஆக, அந்தப் படங்கள் உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் இருந்தன.

முதல் கோளாறு மார்ச் கடைசியில் வந்தது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, எஃப்1 அழுத்து என்று கேட்கும். அழுத்தினால் உள்ளே போகும், ஆனால் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டும். அன்றைக்கு எனக்கு 51 வயது என்பதால் அதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று மறுத்தது. நெட் கனெக்‌ஷன் கொடுத்த பையனை இரண்டு முறை கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவன் வந்து பார்த்து, தன் போனில் எல்லாம் ஓடுவதைக் காட்டிவிட்டு, பரிதாபமாகப் போய்விட்டான்.

காரணம், மதர்போர்டில் இருக்கிற ஒரு வட்ட பேட்டரி. கைக்கடிகார பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரிது. சிஆர்2032 என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் தேதியையும் அடிப்படை அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. 3 வோல்ட் இருக்க வேண்டியது 1.9 காட்டியது. இணையதளங்கள் தங்கள் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றன. அதற்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. நம் கம்ப்யூட்டர் 2009-இல் நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் மறுப்பு. 40 ரூபாயில் வேலை முடிந்தது. நெட் பையனிடம் போனில் சொன்னேன். "பரவால்லீங்க சார்" என்றான். அவன் என்னிடம் படித்தவன் இல்லை; படித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

இரண்டாவது கோளாறு சித்திரை வெயிலோடு வந்தது. ஆன் செய்து பத்து நிமிடம் ஆனதும் டக்கென்று அணைந்துவிடும். உடனே போட்டால் இரண்டு நிமிடத்தில் அணையும். ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி பத்து நிமிடம். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஆறிய பிறகு அதிக நேரம் ஓடுகிறது என்றால் சூடுதான் காரணம் என்று அந்த நோட்டே சொன்னது. பிராசசர் அளவு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக நிறுத்திவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி விசைத்தறிக் கூடம் என்பது உறவுகளுக்குத் தெரியும். பதினாறு வருடப் பஞ்சு உள்ளே இருந்தது. பிராசசரின் மேல் அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும், அதன் மேல் ஃபேன். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு அழுந்தி அழுந்தி, ஜமக்காளத் துண்டு மாதிரி ஒரு அடுக்காகவே ஆகியிருந்தது. ஃபேன் சுற்றுகிறது, காற்று கீழே போகவில்லை. சாமணத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஒரே துண்டாக உரிந்து வந்தது. என் துணைவியார் வாசலில் இருந்து பார்த்துவிட்டு, "தலையணைக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

கூலரைக் கழற்றுவதுதான் பயமாக இருந்தது. நான்கு மூலையில் நான்கு கறுப்புக் குமிழ்கள். தலையில் அம்புக்குறி உண்டு. அந்தத் திசையில் திருப்பி மேலே இழுத்தால் விடும். அடியில் பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவில் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, பழைய சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. சூட்டைக் கடத்துவதற்கு இருந்த பொருள் அதுதான். சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, கூலரை மறுபடி அழுத்தினேன். அழுத்தும்போது மதர்போர்டு லேசாக வளைந்தது. கடக் கடக்கென்று நான்கு சத்தம். 88 டிகிரி காட்டிக்கொண்டிருந்த சூடு 46-க்கு இறங்கியது. வெற்றி என்று நினைத்தேன். இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது.

மே முதல் வாரம். பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு முடித்தவள். ஒருநாள் காலை நான் பால் வாங்கப் போயிருந்தபோது அவள் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறாள். நான் வந்து பார்த்தால் திரை கறுப்பு. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, உள்ளே இருந்து மூன்று பீப். கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று பீப்.

"என்ன நோண்டினே?"

"சுவிட்ச் மட்டும்தான் போட்டேன் அப்பிச்சி."

"சும்மா சுவிட்ச் போட்டா எப்படிப் போகும்?"

அவள் பதில் சொல்லவில்லை. அமுச்சியிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் என்னோடு சாப்பிடவும் வரவில்லை.

மாலையில் சிபியுவை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பிளக்கில் செருகினார், பீப் கேட்டார், பிளக்கைப் பிடுங்கினார். "போர்டு போச்சு சார். இந்த மாடலுக்கு இனிமே போர்டே வராது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க." மூடியைக்கூடத் திறக்கவில்லை. பார்த்ததற்கு 200 ரூபாய். கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்கும் கடை வாடகை இருக்கும்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. உங்கள் வகுப்பிலேயே ஒருவன் திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறான் என்பது நினைவுக்கு வந்து, மறுநாள் கூப்பிட்டேன். சிரித்தான். "சார், போர்டு செத்துருந்தா பீப் அடிக்குமாங்க சார்? பேசுதுன்னா உசிரு இருக்குதுன்னு அர்த்தம்" என்றான். பீப் எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு, போர்டு செய்த கம்பெனியைப் பொறுத்து மாறும், எங்கள் போர்டில் மூன்று பீப் என்றால் ராம் தெரியவில்லை என்று குறி என விளக்கினான். பிறகு எனக்கு ஒரு வகுப்பு எடுத்தான். முப்பத்திரண்டு வருடம் வகுப்பு எடுத்தவன் காதில் போனை வைத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவன் சொன்னதில் முக்கியமானது இது: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அவசரத்தில் நான்கையும் ஆட்டிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டாலும் தெரியாது. முதலில் தேவையில்லாததை எல்லாம் கழற்றிவிட வேண்டும். டிவிடி டிரைவ், ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி-யில் செருகிய எல்லாம் வெளியே. பிராசசர், ஒரே ஒரு ராம், கரண்ட். இது மூன்றும் போதும், திரையில் ஏதாவது தெரிய வேண்டும். தெரிந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வரலாம்.

"கையை வைக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒருக்கா அமுக்குங்க. மிச்சம் மீதி கரண்ட் போயிரும். கேபினெட் இரும்பத் தொட்டுக்குங்க. அப்புறம் உள்ள தொடுங்க" என்றான். நம் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரமே சிப்பைக் கொன்றுவிடுமாம். சீப்பால் தலை வாரிக் காகிதத் துண்டை இழுத்துக் காட்டி ஆறாம் வகுப்புக்கு நான் நடத்திய பாடம்தான்.

கரண்ட் சரியாக வருகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னான். எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் பெட்டியைத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். போர்டுக்குப் போகிற பெரிய கனெக்டரை எடுத்துவிட்டு, அதில் இருக்கிற ஒரே பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் ஃபேன் சுற்றும். மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 காட்ட வேண்டும். நூற்றுக்கு ஐந்து முன்பின் இருக்கலாம். எங்கள் மஞ்சள் 11.6 காட்டியது. 11.4-க்குக் கீழே போனால்தான் கோளாறு. "பாஸ், ஆனா ஜஸ்ட் பாஸ்" என்றான். இந்த இடத்தில் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தப் பவர் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கிற கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி எறிகிற மின்சாரம் தங்கியிருக்கும்.

மதர்போர்டில் நிற்கிற சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்களின் தலையையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டையாக இருந்தால் நல்லது. பூரி மாதிரி உப்பியிருந்தாலோ பிசின் கசிந்திருந்தாலோ கதை முடிந்தது. எல்லாம் தட்டை.

கடைசியில் ராம். இரண்டு பக்கத்துக் கிளிப்பையும் தள்ளினால் எழும்பி வரும். அடியில் பித்தளை மாதிரி மினுங்கும் பற்கள் வரிசையாக இருக்கும். எங்கள் ராமில் மினுக்கம் இல்லை. பழைய ஐந்து பைசா மாதிரி மங்கியிருந்தது. "பென்சில் ரப்பர் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டான். ஆசிரியர் வீட்டில் அதற்கா பஞ்சம்? அழுத்தாமல், ஒரே திசையில், மெதுவாகத் தேய்க்கச் சொன்னான். ரப்பர் தூளை பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் செருகி, கிளிப் இரண்டும் தானாக விழுகிற வரைக்கும் அழுத்தச் சொன்னான். பேத்தி அதற்குள் கோபத்தை மறந்து டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவிட்சை அவளையே போடச் சொன்னேன்.

ஒரே ஒரு பீப். திரையில் எழுத்து வந்தது.

நடந்தது இதுதான். பற்களில் வருடக்கணக்காக மெல்லப் படலம் படிந்திருக்கிறது. நான் கூலரை அழுத்தும்போது போர்டு வளைந்ததில் ராம் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது. இரண்டு நாள் தாக்குப்பிடித்து, மூன்றாம் நாள் தொடர்பு விட்டுப்போயிற்று. அன்றைக்குச் சுவிட்ச் போட்டது பேத்தி. நான் போட்டிருந்தாலும் அதே பீப்தான்.

போனில் அவனிடம் சந்தோஷமாகச் சொன்னேன். பேத்தியைத் திட்டிய கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "சார், நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டரும் அன்னிக்கு இதே கேஸ்தானுங்க சார். நீங்க அவனையும் இதேதான் கேட்டீங்க. சும்மா சுவிட்ச் போட்டா எப்படிடா போகும்னு" என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன். வேலை இருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2008 நவம்பர். அனைவருக்கும் கல்வி இயக்கம் மூலமாக நம் பள்ளிக்கு வந்த மூன்று கம்ப்யூட்டர்களில் நடுவில் இருந்தது. சத்துணவுக் கூடத்துக்கு அடுத்த அறை. ஒரு பக்கம் அடுப்புப் புகை, இன்னொரு பக்கம் கரும்பலகையின் சுண்ணாம்புத் தூள், ஐப்பசி மழை ஈரம். ராமின் பற்கள் மங்குவதற்கு இதைவிட நல்ல இடத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. கம்ப்யூட்டர் பொறுப்பு என் தலையில் இருந்தது. கெட்டுப்போனால் மேலே பதில் சொல்ல வேண்டும் என்கிற பயம் மட்டும் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு நான் உள்ளே போனபோது அவன் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பெயிண்ட்டில் படம் வரைய ஆசை அவனுக்கு. தறி வரைவான், மாடு வரைவான். மவுஸில் வளைவு வராது என்று எல்லோரும் சொன்னபோது அவன் மட்டும் மாட்டின் திமிலை வளைத்துக் காட்டியவன். "சுவிட்ச் மட்டும்தான் போட்டேன் சார்" என்றான். நான் கேட்டதும் செய்ததும் அந்த வகுப்புக்குத் தெரியும். பிரம்பைத் தொடக் கூடாது என்று அப்போதே விதி உண்டு. தொட்டேன். இரண்டு கையிலும்.

மறுநாள் அவன் அப்பாவை வரச் சொன்னேன். தறி ஓட்டுகிறவர், ஷிப்டை விட்டுவிட்டு வந்தார். ஒரு நாள் கூலி போயிற்று. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். ரிப்பேருக்கு ஆகிற செலவைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு சனிக்கிழமை 200, அடுத்த சனிக்கிழமை 100 கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருடம் முழுவதும் கம்ப்யூட்டர் வகுப்பு நேரத்தில் அவனைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து டவுனில் இருந்து மெக்கானிக் வந்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "கழட்டி மாட்டுனேன் சார், ஓடுது" என்றார். 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். மீதி 50 ரூபாய்க்கு மவுஸ் பேட் வாங்கினேன்.

கழற்றி மாட்டியதும் ஓடுகிறது என்றால், எதுவும் உடையவில்லை என்று பொருள். எதுவும் உடையவில்லை என்றால், அவன் உடைக்கவில்லை. இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கு. எனக்கு அன்றைக்குப் புரிந்ததா என்று இந்த ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். புரியவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த மெக்கானிக் சொன்ன வாக்கியம் பதினாறு வருடம் கழித்தும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறதே, எதற்காக? வகுப்பில் போய், "அவன் மேல் தப்பில்லை" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். 300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். சொன்னால் என் மரியாதை என்னாகும் என்று நினைத்திருக்க வேண்டும். தெளிவாக நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் திரும்பாமலேயே இருந்துவிட்டேன்.

திருப்பூர்க்காரனிடம் எண் வாங்கிக் கூப்பிட்டேன். அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆபரேட்டர். போர் போட மத்தியப் பிரதேசத்தில் இருந்தான். கம்ப்ரசர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "இருங்க சார், தள்ளி வர்றேன்" என்று நடந்து வந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். மன்னிச்சுக்கோ கண்ணு என்று சொன்னேன்.

"அட, அது கெடக்குதுங்க சார். எனக்கு மறந்தே போச்சு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்குத் தெரியுங்க சார். நான் ஒண்ணும் பண்ணலைன்னு அப்பவே நம்புனாரு. ஆனா சார் சொல்லிட்டாருன்னு குடுத்தாரு" என்றான்.

அப்பா 2019-இல் போய்விட்டாராம். எனக்குத் தெரியாது. அந்த 300 ரூபாயை அனுப்புகிறேன், எண்ணைக் கொடு என்றேன். "ஆகஸ்ட்ல ஊருக்கு வர்றேன் சார். நேர்ல வந்து வாங்கிக்கறேன்" என்றான். வைப்பதற்கு முன்னால் கேட்டான்: "அந்த ஆண்டு விழாப் படத்துல நான் இருக்கறனுங்களா சார்?"

இருக்கிறான் என்று சொல்ல வாய் வந்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்தப் பதிவைப் பற்றியும் கேட்டேன். "பேரு வேண்டாங்க சார். மத்தபடி எழுதுங்க" என்றான்.

இப்போது கழற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன். சில நிமிடத்தில் டிக், டிக் என்று ஒரு சத்தம். மாட்டுவதற்கு முன் தரையில் எங்கேயாவது இடித்தேனா, வயதாகி அதுவாகவே போகிறதா, தெரியாது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஒரு மென்பொருளைப் பேத்தி போட்டுப் பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. கெட்டுப்போன இடங்களை ஒதுக்கிவிட்டு வேறு இடத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறதாம். போன் செய்தேன். "சார், இனிமே அதுல எதையும் சரி பண்ணப் பாக்காதீங்க. ஸ்கேன் போடாதீங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. முக்கியமானத மட்டும் மொதல்ல எடுங்க" என்றான் திருப்பூர்க்காரன்.

கேள்வித்தாள்களை எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று ஆண்டு விழா ஃபோல்டரை மட்டும் பென் டிரைவுக்குப் போட்டேன். மொத்தம் 214 படம். ஒழுங்காக இருந்தால் இரண்டு நிமிட வேலை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கியது, மணி இரண்டரைக்கு முடிந்தது. சில படத்தில் ஐந்து நிமிடம் அப்படியே நிற்கும், டிக் டிக் கேட்கும், பிறகு நகரும். டேபிள் ஃபேனைத் திருப்பி டிஸ்க்குக்கு வைத்துவிட்டு நான் விசிறியால் வீசிக்கொண்டிருந்தேன். 11 படங்கள் வரவில்லை. மற்றவை வந்துவிட்டன. கேள்வித்தாள்களும் உங்கள் கதைகளும் மறுநாள் பாதிக்கு மேல் வந்தன. வராத கதைகளில் யாருடையது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது உங்கள் கதை நினைவிருந்தால் மறுபடி எழுதி அனுப்புங்கள். மதிப்பெண் உண்டு.

அவன் மூன்று படத்தில் இருக்கிறான். இரண்டில் பாதி முகம். ஒன்றில் முழுசாக: மேடைக்கு ஓரத்தில், மைக் ஒயரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, நான் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த மூன்றையும் முதலில் அவனுக்குத்தான் அனுப்பினேன். பார்த்துவிட்டு, "சட்டை பெருசு அண்ணனோடது சார்" என்று மட்டும் எழுதினான்.

மற்றவர்களுக்கு நாளைக் காலை குழுவில் இணைப்பு போடுகிறேன். இந்த முறை பேத்தி மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறாள். "எங்கிட்ட மட்டும் யாரும் மன்னிப்புக் கேக்கல" என்று அவள் சொல்லிக் காட்டியதால் குல்ஃபி வாங்கிக் கொடுத்தேன். கேட்கவும் கேட்டேன்.

பின்குறிப்பு: கம்ப்யூட்டர் இப்போது புது ஹார்ட் டிஸ்க்குடன் ஓடுகிறது. பவர் பெட்டியையும் மாற்றப் போகிறேன். ஜஸ்ட் பாஸை நம்ப முடியாது. யார் வீட்டிலாவது பழைய டிடிஆர்2 ராம் பரணில் கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். எனக்கு ஒரு போன் செய்யுங்கள். ரப்பர் என்னிடம் இருக்கிறது.